மந்திரத்துக்கும் பற்று வரவு உண்டு

என் புத்தக அலமாரியைப் பார்த்தாலே நான் எப்படிப்பட்ட வாசகி என்று சொல்லிவிடலாம். மேல்தட்டில் வாழ்க்கை வரலாறுகள், நடுவில் துப்பறியும் நாவல்கள், அதற்குக் கீழே கல்கியும் தி. ஜானகிராமனும். டிராகன், மந்திரக்கோல், தீர்க்கதரிசனம் என்று எதுவும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஜனவரியில் நந்தனம் புத்தகக் கண்காட்சிக்குப் போனால், ஆங்கில ஃபேன்டஸி நாவல்களை அடுக்கி வைத்திருக்கும் கடை வந்ததும் கால் தானாக அடுத்த கடைக்குத் திரும்பிவிடும்.

பிடிக்காததற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது. அது இன்றைக்கும் நியாயமான காரணம் என்றுதான் நினைக்கிறேன். மந்திரம் இருக்கிற உலகத்தில் எது வேண்டுமானாலும் நடக்கலாம். எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்றால் நான் எதற்குப் பதற வேண்டும்? துப்பறியும் நாவலில் இந்த விளையாட்டு செல்லாது. ரொனால்ட் நாக்ஸ் என்கிற கத்தோலிக்கப் பாதிரியார், தானே துப்பறியும் கதைகள் எழுதியவர், 1929-இல் அந்த வகைக் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். அமானுஷ்ய சக்தி எதுவும் கதைக்குள் தலைகாட்டக் கூடாது என்பது அதில் ஒன்று. பாதிரியாரே அப்படிச் சொல்கிறார் என்றால் எனக்கென்ன? போதாக்குறைக்கு நான் வேலை பார்ப்பது அண்ணா சாலையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில். வந்தது எங்கிருந்து, போனது எங்கே என்று கேட்காமல் எதையும் விட மாட்டேன்.

இந்த நிலையில்தான் அக்கா மகன் கல்லூரியில் சேர்ந்து, ஆதம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் தங்க வந்தான். அவன் கொண்டுவந்த அட்டைப்பெட்டிகளில் ஒன்று முழுக்க ஃபேன்டஸி நாவல்கள், எல்லாம் தலையணை சைஸ். அலமாரியில் கீழ்த்தட்டைக் காலி செய்து கொடுத்தேன். கொஞ்ச நாள் கழித்து, "சித்தி, வாடகைக்குப் பதிலா ஒண்ணு சொல்றேன், இதுல ஒண்ணாவது படிச்சுப் பாருங்க" என்றான். பையன் கேட்டுவிட்டான், சரி, பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

அவன் எடுத்துக் கொடுத்தது அவனுக்கு உயிரான புத்தகம், ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1996-இல் வெளியிட்ட 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்'. திறந்தால் முதலில் வரைபடம். வடக்கே ஒரு சுவர், தெற்கே ஊர்கள், ஆறுகள், கோட்டைகள். கடைசிப் பக்கங்களில் யார் எந்தக் குடும்பம், யாருக்கு யார் மகன், யார் யாருடைய படைத்தளபதி என்று பெரிய பட்டியல். வரைபடத்தையும் பட்டியலையும் விரல் வைத்துப் பார்த்துப் பார்த்து முன்கதையைப் படித்தேன். பனிக்காட்டில் காவலர்கள் மூன்று பேர். மூவர் பெயரையும் மனப்பாடம் செய்தேன். இரண்டு பேர் முன்கதை முடிவதற்குள் காலி. மூன்றாமவன் அடுத்த அத்தியாயத்தில் தலை வெட்டுப்பட்டான். இதற்காகவா நான் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்தேன் என்று எரிச்சலாகிவிட்டது. அதற்குப் பிறகும் ஒவ்வோர் அத்தியாயமும் வேறொருவர் தலைக்குள் இருந்து போகிறது. புத்தகத்தை மூடித் தட்டில் வைத்துவிட்டேன்.

"முதல் நூறு பக்கம் அப்படித்தான் இருக்கும் சித்தி, அதுக்கப்புறம் பிச்சுக்கும்" என்றான். நூறு பக்கத்தில் ஒரு கொலை நடந்து, கொலைகாரனும் பிடிபட்டு, அவன் வக்கீலையும் பார்த்துவிடுவான் எங்கள் ஊர் மாத நாவலில்.

ஆனால் எனக்குள் ஒரு கேள்வி. கதாபாத்திரங்கள் நிறைய என்பதா பிரச்சினை? பொன்னியின் செல்வனில் இல்லாத கூட்டமா? பழுவேட்டரையர்கள், சம்புவரையர், கொடும்பாளூர் வேளார், ஈழத்துப் படை, பாண்டிய நாட்டு ஆபத்துதவிகள் என்று ஐந்து பாகமும் ஜனத்திரள்தான். பள்ளிக்கூட வயதில் அதை ஒரு சிரமமும் இல்லாமல் படித்தவள் நான். கல்கி என்ன செய்திருக்கிறார் என்று முதல் அத்தியாயத்தை எடுத்துப் பார்த்தேன். ஆடிப் பதினெட்டு. வீரநாராயண ஏரிக் கரையில் ஒரே ஓர் இளைஞன் குதிரையில் வருகிறான். அவனுக்கும் ஊர் புதிது, நமக்கும் புதிது. அவன் யாரைச் சந்திக்கிறானோ அவரை மட்டும் நாமும் தெரிந்துகொண்டால் போதும். 1950-இல் வாராவாரம் பத்திரிகையில் தொடர்கதை எழுதியவருக்கு, வரைபடம் பார்த்துப் படிக்கும் பொறுமை எந்த வாசகருக்கும் கிடையாது என்பது தெரிந்திருக்கிறது.

ஆக, எனக்கு உள்ளே போக ஓர் ஆள் வேண்டும். கூடவே போக ஒரே ஒருத்தர். அக்கா மகனிடம் அதையே நிபந்தனையாகச் சொன்னேன். இருநூறு பக்கத்துக்குப் பக்கமாக இருக்க வேண்டும், ஒருவர் கதையாக இருக்க வேண்டும், தொடர்ச்சி இருந்தாலும் இந்த ஒன்றோடு நிறுத்திக்கொள்ள முடிய வேண்டும். இந்த வகைப் புத்தகங்களில் ஒட்டாமல் தவிக்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். ரசிகர்களிடம் போய் "உனக்கு எது ரொம்பப் பிடிக்கும்" என்று கேட்காதீர்கள். அவர்களுக்கு ரொம்பப் பிடித்தது பெரும்பாலும் ரொம்பப் பெரியதாக இருக்கும். உங்கள் நிபந்தனையைச் சொல்லிக் கேளுங்கள்.

யோசித்துவிட்டு, திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலையில் பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு சிறிய பிரதி வாங்கி வந்தான். உர்சுலா லெ குவின் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ'. வெளிவந்தது 1968-இல். இதிலும் வரைபடம் உண்டு, கடல் முழுக்கத் தீவுகள். இந்தத் தடவை திருப்பிக்கூடப் பார்க்காமல் தாண்டினேன்.

கெட் என்று ஒரு பையன். தாமிர நிறத் தோல். அம்மா இல்லை. அவனுக்கு முதல் மந்திரத்தைச் சொல்லிக் கொடுப்பவள் இறந்துபோன அம்மாவின் சகோதரி, ஊரில் சில்லறை மாந்திரீகம் செய்கிறவள். "அதனாலதான் இதை எடுத்தேன் சித்தி" என்று சிரித்தான் இவன். ஒரு நாள் கடல் கடந்து வந்த படையொன்று ஊரைக் கொள்ளையடிக்க வருகிறது. பையன் தனக்குத் தெரிந்த துக்கடா மந்திரங்களைச் சேர்த்து ஊரையே மூடுபனியால் மறைத்துவிடுகிறான். எதிரிகள் வழி தெரியாமல் தடுமாறுகிறார்கள், ஊர் தப்பிக்கிறது. இதுவரைக்கும் நான் எதிர்பார்த்ததுதான். அடுத்து வந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. பையன் பிரமை பிடித்தாற்போல் நிற்கிறான். பேச்சு வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. கையிருப்புக்கு மேல் செலவு செய்துவிட்டான் என்று சித்திக்காரி சொல்கிறாள். ஓகியன் என்ற பெரியவர் வந்து நெற்றியில் கை வைத்த பிறகுதான் மீள்கிறான்.

பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். செலவு எழுதப்பட்டிருக்கிறது. கணக்கு நேராகிறது.

அதற்குப் பிறகு வரும் காட்சி இன்னும் அருமை. ஓகியன் அவனைச் சீடனாக அழைத்துக்கொண்டு மலைப் பாதையில் நடக்கிறார். மழை பிடித்துக்கொள்கிறது. மழையைத் தள்ளிவிடும் மந்திரம் அந்தத் தீவில் சாதாரண மந்திரவாதிக்கே அத்துப்படி. இவரோ பெரிய மகான், வாயே திறக்கவில்லை. அடர்ந்த மரம் ஒன்றைப் பார்த்து அதன் அடியில் படுத்துக்கொள்கிறார். பையன் புதரடியில் குந்தி, சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு, இவ்வளவு சக்தி இருந்து என்ன பிரயோஜனம் என்று கடுப்பாகிறான். மந்திரவாதிகள் அதிகம் இருக்கும் தீவுகளில் ஆளாளுக்கு மேகத்தைப் பக்கத்து ஊருக்குத் தள்ளித் தள்ளி, அது திக்குத் தெரியாமல் அலைந்து, கடைசியில் கடலுக்குப் போய்தான் நிம்மதியாகப் பெய்யுமாம்.

இதை நான் படித்தது நவம்பரில். வாசலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். எங்கள் தெருவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள் மோட்டார் போட்டுத் தங்கள் கார் நிறுத்துமிடத்துத் தண்ணீரைத் தெருவுக்கு இறைத்துக்கொண்டிருந்தார்கள். தெருக்காரர்கள் வந்து சண்டை போட, குழாயை நீட்டி அடுத்த தெருவுக்கு விட்டார்கள். லெ குவின் அமெரிக்காவில் உட்கார்ந்து எழுதியதை விளக்க எனக்கு யாரும் தேவைப்படவில்லை. இல்லாத ஊரைப் பற்றி எழுதியதில் என் தெரு இருந்தது. துப்பறியும் நாவல் எனக்கு இப்படி ஒன்றைத் தந்ததாக நினைவில்லை.

அந்தப் புத்தகத்தை முடித்த கையோடு எனக்கு மணிமேகலை ஞாபகம் வந்தது. கல்லூரியில் பாடமாக இருந்தபோது அதை ஒரு மத நூலாக மட்டும் பார்த்துக் கடந்திருந்தேன். மறுபடி எடுத்தேன். காயசண்டிகை கதையை எடுத்துக்கொள்ளுங்கள். விருச்சிகன் என்ற முனிவன் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை பழுக்கும் நாவல் கனி ஒன்றைத்தான் உண்பான். அந்தக் கனியை அவள் தெரியாமல் காலால் சிதைத்துவிடுகிறாள். சாபம் என்ன தெரியுமா? பன்னிரண்டு வருடம் தீராத யானைப்பசி. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. ஒரு நாள்கூட கூடுதல் குறைவு கிடையாது.

அமுதசுரபிக்கும் அப்படித்தான். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் என்று மட்டும்தான் நமக்கு நினைவிருக்கும். அதை முதலில் வைத்திருந்த ஆபுத்திரன் ஆளில்லாத மணிபல்லவத் தீவில் தனியாக மாட்டிக்கொள்கிறான். சோறு போட அங்கே மனிதர் இல்லை. தன் ஒரு வயிற்றுக்காக அதைப் பயன்படுத்த மனம் வராமல், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் இருந்து உயிரை விடுகிறான். வற்றாத சோற்றுப் பாத்திரத்தின் சொந்தக்காரன் பட்டினியில் சாகிறான். சாத்தனார் எப்போதோ எழுதி வைத்தது. அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த விக்கிரமனையும் அவன் தோளில் தொங்கும் பிணத்தையும் மாதாமாதம் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். வேதாளம் ஏன் முருங்கை மரத்தில் தொங்குகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. மௌனம் கலைந்தால் அது மரமேறிவிடும், பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்ற விதி மட்டும் எல்லோருக்கும் தலைகீழ்ப் பாடம். ஆக, என் பழைய ஆட்சேபம் மந்திரத்தின் மேல் இல்லை. விதி இல்லாத மந்திரத்தின் மேல்தான்.

இதை அக்கா மகனிடம் சொன்னதும் அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அப்ப உங்களுக்கு சாண்டர்சன்தான் சித்தி" என்று பிராண்டன் சாண்டர்சனின் 'மிஸ்ட்பார்ன்' முதல் பாகத்தைக் கொடுத்தான், 2006-இல் வந்தது. இதில் மந்திரம் என்பது உலோகம். உலோகத் துகளை விழுங்கி, வயிற்றுக்குள் அதை 'எரித்தால்' சக்தி வரும். ஓர் உலோகம் உடலுக்கு வலுத் தரும், இன்னொன்று கண்ணையும் காதையும் கூர்மையாக்கும். எஃகை எரித்தால் பக்கத்தில் இருக்கும் உலோகப் பொருளை மனத்தாலேயே தள்ளலாம். தள்ளப்படும் பொருள் உங்களைவிட லேசானது என்றால் அது பறக்கும், கனமானது என்றால் நீங்கள் பறப்பீர்கள். ஒரு காசைத் தரையில் போட்டு அதைக் கீழே தள்ளினால் ஆகாயத்தில் எழும்பலாம். விழுங்கியது தீர்ந்தால் சக்தியும் தீர்ந்தது.

மந்திரத்தால் ஒரு சிக்கலைத் தீர்க்க வேண்டுமென்றால், அந்த மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பது வாசகருக்கு அந்த அளவுக்கு முன்கூட்டியே புரிந்திருக்க வேண்டும் என்று சாண்டர்சன் ஒரு கொள்கையே வைத்திருக்கிறார். துப்பறியும் நாவல்காரர்கள் தடயத்தை மறைக்காதே என்று சொல்வதன் மறுபக்கம் இது. கொலை, திருட்டு, புதிர் என்று படித்துப் பழகியவர்கள் இந்த வழியில் உள்ளே போனால் சுலபமாக இருக்கும்.

ஆனாலும் எனக்கு முழுத் திருப்தி வரவில்லை. அதிலிருக்கும் திருட்டுக் கும்பலும் அவர்கள் போடும் திட்டமும் விறுவிறுப்புத்தான். நடுநடுவே எந்த உலோகத்துக்கு என்ன குணம் என்று விளக்கம் ஓடும்போது, ஜி.எஸ்.டி. சுற்றறிக்கை படிக்கிற நினைப்பு வந்துவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் நான் அதையா படிக்க வேண்டும்? கணக்கு நேராக இருப்பது அவசியம், கணக்கே கதையாகிவிட்டால் அலுப்பு. லெ குவினிடம் அந்த மழைக்குக் கணக்கு இருந்தது, மழையும் இருந்தது.

எப்போது படிப்பது என்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எனக்கு அதுதான் பாதிப் பிரச்சினை. ஆலந்தூரில் மெட்ரோ ஏறி ஏ.ஜி.–டி.எம்.எஸ். நிலையத்தில் இறங்க ஏறக்குறைய கால் மணி நேரம். துப்பறியும் நாவலுக்கு அது தாராளம். ஃபேன்டஸிக்கு அது ஒத்துவராது. வேறோர் உலகத்துக்குள் போய் உட்காருவதற்கே பத்துப் பக்கம் பிடிக்கிறது. சின்னமலை தாண்டி ரயில் பூமிக்குள் இறங்கும்போதுதான் மனம் கதைக்குள் இறங்கும், அதற்குள் தேனாம்பேட்டை வந்துவிடும். மறுநாள் மறுபடி முதலிலிருந்து யார் இவன், எந்தத் தீவு என்று. இப்படித் துண்டு துண்டாகப் படித்தால் எந்த நல்ல புத்தகமும் குழப்பமாகத்தான் இருக்கும்.

அதனால் ஆரம்பத்தை மட்டும் ஒரே மூச்சில் படிப்பது என்று வைத்துக்கொண்டேன். முதல் ஐம்பது, அறுபது பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்க இடம் உண்டு. சுற்றிலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் தலை நிமிராமல் இருப்பார்கள். நடுவில் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி மந்திரவாதிக் கதை படிப்பதை யாரும் கண்டுகொள்வதில்லை. அந்த அறுபது பக்கம் தாண்டிவிட்டால் மிச்சத்தை மெட்ரோவில் படிக்கலாம், தடையில்லை. மாதம் இருபதாம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.–3பி என்கிற வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் வாரத்தில் புதிதாக எதையும் தொடங்குவதில்லை. அந்த வாரம் பழைய அகதா கிறிஸ்டிதான் சரி.

பெயர்களுக்கு ஒரு வழி கண்டேன். இந்த நாவல்களில் பெயர்கள் வாய்க்குள் நுழையாது, நடுவில் மேற்கோள் குறியெல்லாம் போட்டு எழுதியிருப்பார்கள். எப்படி உச்சரிப்பது என்று திணறுவதை விட்டுவிட்டு, எனக்கு வந்தபடி தமிழில் ஒரு பெயர் வைத்து, மெட்ரோ நிலையத்தில் தந்த ஏதோ ஒரு துண்டுப் பிரசுரத்தின் பின்பக்கம் எழுதி அடையாள அட்டையாகச் செருகி வைத்துக்கொள்வேன். ஆள் பெயர், யாருக்கு என்ன வேண்டும், அவ்வளவுதான். கோட்டை பெயரும் வம்சப் பெயரும் எழுதுவதில்லை. முக்கியமானவை தாமாகவே திரும்பத் திரும்ப வரும்.

அகராதியையும் அப்படியே. போர்க்கருவி, கவசம், குதிரை வகை என்று பழைய ஆங்கிலச் சொற்கள் கொட்டிக் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் போனை எடுத்தால் வாட்ஸ்அப்பில் போய் நிற்போம். குதிரை என்ன ஜாதி என்று தெரியாவிட்டால் கதை நின்றுவிடாது. கிண்டிலில் வாங்குபவர்கள் இலவச சாம்பிளை நம்பி முடிவெடுக்க வேண்டாம். வரைபடமும் முன்கதையும் வம்சாவளியும் சேர்ந்தே சாம்பிளில் பெரும்பங்கைத் தின்றுவிடும், கதை இன்னும் தொடங்கியே இருக்காது.

சிரிப்புப் பிடித்தவர்களுக்குக் கதவே வேறு. டெர்ரி பிராட்செட் எழுதிய டிஸ்க்வேர்ல்ட் நாவல்கள் மொத்தம் 41. எல்லாம் ஒரே உலகத்தில் நடந்தாலும் வரிசைப்படிதான் படிக்க வேண்டும் என்றில்லை. தட்டையான உலகம், அதைத் தாங்கும் நான்கு யானைகள், யானைகளைத் தாங்கும் ஓர் ஆமை. எட்டுத் திக்கு யானைகளையும் கூர்மாவதாரத்தையும் தெரிந்த நமக்கு இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? நான் படித்தது 1987-இல் வந்த 'மோர்ட்'. மரண தேவன் தன் வேலைக்கு ஒரு பையனை உதவியாளாக எடுக்கிறார். பையனிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, மனிதர்கள் எதற்குச் சந்தோஷப்படுகிறார்கள் என்று பார்க்க லீவில் போகிறார். கடைசியில் ஒரு சாப்பாட்டுக் கடை அடுப்படியில் சமையல்காரராகச் சேர்ந்துவிடுகிறார். எமதர்மன் திருவல்லிக்கேணி மெஸ் ஒன்றில் தோசைக்கரண்டி பிடித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்து மெட்ரோவில் தனியாகச் சிரித்தேன். எதிரில் இருந்தவர் ஒரு மாதிரி பார்த்தார். உதவியாள் பையன், சாக வேண்டிய ஓர் இளவரசியை மனம் வராமல் காப்பாற்றிவிடுகிறான். உடனே உலகத்தின் கணக்கு உதைக்க ஆரம்பிக்கிறது. சிரிக்கச் சிரிக்கச் சொன்னாலும் பிராட்செட் கணக்கை விடுகிற ஆள் இல்லை.

இத்தனைக்கும் பிறகுதான் டோல்கீனிடம் போனேன். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்', 1954-லும் 1955-லும் மூன்று பாகங்களாக வந்தது. என் அளவுகோல் இங்கே செல்லுபடியாகவில்லை. அதில் வரும் மந்திரவாதி கந்தால்ஃபுக்கு என்ன முடியும், என்ன முடியாது என்று கடைசி வரை பிடிபடவில்லை. ஆபத்தில் கழுகு வந்து தூக்கிக்கொண்டும் போகிறது. ஆனால் இது நடைப்பயணத்தின் கதை என்று பிடித்துக்கொண்டதும் எனக்கு ஓடத் தொடங்கியது. எவ்வளவு தூரம் நடந்தார்கள், எங்கே படுத்தார்கள், மூட்டையில் ரொட்டி எவ்வளவு பாக்கி என்று மனிதர் விடாமல் சொல்கிறார். பாதயாத்திரை போனவர்களிடம் கதை கேட்பது எனக்கு எப்போதும் பிடிக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த நாவலைப் படமாக எடுத்ததில் நாயகன் ஃப்ரோடோ சின்னப் பையனாக இருப்பான். நாவலில் அந்த மந்திர மோதிரம் அவன் கைக்கு வந்த பிறகு பதினேழு வருடம் ஓடிவிடுகிறது. ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மறுநாள்தான் அவன் வீட்டைவிட்டுக் கிளம்புகிறான். வீட்டை விற்று, சாமான்களை அனுப்பி, அண்டை அயலாரிடம் காரணம் சொல்லி. என் வயதுக்காரர்களுக்கு இது எவ்வளவு முக்கியமான தகவல்! இந்த வகை நாவல் என்றாலே பதினாறு வயதுப் பையன் உலகத்தைக் காப்பாற்றுவது என்று நினைத்திருக்கும் எல்லோரிடமும் இதைச் சொல்கிறேன். பாட்டு வந்தால் தாண்டிவிடுவேன். டாம் பாம்படில் என்று காட்டுக்குள் ஆடிப்பாடி ஒருவர் வருகிறார், 2001-இல் வந்த படத்தில் அவரையே தூக்கிவிட்டார்கள். நானும் தூக்கிவிட்டேன். அக்கா மகனுக்கு இதில் என் மேல் வருத்தம் உண்டு.

எல்லாவற்றிலும் என்னை அசைத்தது சூசன்னா கிளார்க் 2020-இல் எழுதிய 'பிரானேசி'. முந்நூறு பக்கம்கூட இல்லை. முடிவில்லாமல் நீளும் ஒரு மாளிகை, கூடம் கூடமாகச் சிலைகள், கீழ்த்தளத்தில் கடல், மேல்தளத்தில் மேகம். அதில் ஏறக்குறைய தனியாக வாழும் ஒருவன். எந்த மந்திர விதியும் விளக்கப்படுவதில்லை. ஆனால் அந்த மனிதன் எப்படிப்பட்டவன்? நாட்குறிப்பு எழுதுகிறான். நாட்குறிப்புகளுக்கு அகரவரிசையில் பொருளடைவு போட்டு வைக்கிறான். எந்தக் கூடத்தில் எப்போது அலை ஏறும் என்று கணித்து அட்டவணை வைத்திருக்கிறான். எனக்கு ஆள் கிடைத்துவிட்டார். கதையின் புதிரும் அந்தப் பொருளடைவில்தான் அவிழ்கிறது. தான் எழுதிய பதிவுகளைத் தானே புரட்டும்போது, நினைவில் இல்லாத தலைப்புகள் தன் கையெழுத்திலேயே இருப்பதைப் பார்க்கிறான். ஒரு வாரம் அந்தப் பக்கத்தைப் பற்றி வீட்டில் எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தேன். துப்பறியும் நாவல் படிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு ஃபேன்டஸிதான் என்றால் இதைத்தான் கொடுப்பேன். கதைச்சுருக்கம் தேடிப் படித்துவிடாதீர்கள், காரியம் கெட்டுவிடும்.

இதெல்லாம் ஆனபிறகும் நான் ஃபேன்டஸி ரசிகை இல்லை. "இவன்தான் அவன்" என்று பிறக்கும்போதே எழுதி வைத்த நாயகன் வந்தால் இன்றும் கொட்டாவி வருகிறது. போர்க்களம் நாற்பது பக்கம் ஓடினால் யார் செத்தார்கள் என்று மட்டும் பார்த்துவிட்டு நகர்கிறேன். அறுபது பக்கம் தாண்டியும் எனக்கு ஒரு மனிதர்கூடக் கிடைக்கவில்லை என்றால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அதில் சங்கடம் எதுவும் இல்லை. அரிசிக்குச் செலவு செய்த மாதிரி கணக்கெழுதி வருந்த இது அத்தியாவசியப் பொருளா என்ன?

நீளத்தைப் பற்றிதான் அக்கா மகனோடு இன்னும் தகராறு. 'தி வீல் ஆஃப் டைம்' பதினான்கு பாகம். 1990-இல் தொடங்கிய ராபர்ட் ஜோர்டன் 2007-இல் காலமாகிவிட, சாண்டர்சன்தான் அதை எழுதி 2013-இல் முடித்தார். "முடிஞ்சுபோன தொடர்தானே சித்தி, தைரியமா ஆரம்பிக்கலாம்" என்கிறான். எழுதினவரே முடிக்கவில்லையே, நான் எங்கே முடிப்பது? மார்ட்டினின் தொடர் ஏழு பாகம் என்று திட்டம், ஐந்தாவது 2011-இல் வந்தது, ஆறாவதுக்கு ரசிகர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். ஏழாவது பாகம் கடைக்கு வந்ததும் முதல் பாகத்தை மறுபடி திறக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். "எழுதிக் கொடுங்க" என்றான். தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.